ஆத்துவாய்க் காவல்

ஆத்துவாய் மூடிக் கிடக்கும் மாதங்களில் எங்கள் வாவித் தண்ணீருக்கு ஒரு மணம் வந்துவிடும். கரைச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களிலிருந்து உதிர்ந்து ஊறிய இலையும், வெயிலில் காய்ந்த சாதாளைப் பாசியும், சேறும், இறாலும் எல்லாம் சேர்ந்த மணம் அது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கோ அது சோற்று மணத்தைப் போலப் பழகிப்போயிருந்தது. தோய்த்துக் காயப்போட்ட சீலையில் அது இருக்கும், தலைமயிரில் இருக்கும், பள்ளிக்கூடத்துக் கொப்பியில்கூட இருக்கும். அப்பா காலையில் எழுந்ததும் வாவிக் கரைக்குப் போய், கையால் ஒரு சிறங்கை தண்ணீர் அள்ளி முகத்தருகே பிடித்து நிற்பார். பிறகு அதை ஊற்றிவிட்டுச் சாரனில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். மற்ற வீட்டு ஆண்கள் காலையில் வானத்தைப் பார்த்தார்கள், எங்கள் வீட்டு ஆண் தண்ணீரை மணந்து பார்த்தார்.

மட்டக்களப்பு வாவியைப் பார்த்திராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். எங்கள் ஊர் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக, நடுவே ஒடுங்கிக் கிடந்த மணல் நிலத்தில் இருந்தது. சூரியன் எழும் பக்கம் என்பதால் எங்கள் கரை "எழுவான்கரை". வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கத்தில், நெல் விளைகிற நிலமெல்லாம் "படுவான்கரை". ஊருக்குத் தெற்கே வாவியையும் கடலையும் பிரித்துக்கொண்டு ஒரு மணல் திடல் கிடந்தது. அந்த இடத்தைத்தான் "ஆத்துவாய்" என்போம். வருஷத்தில் பாதி நாள் கடல் அதை மணலால் அடைத்து வைத்திருக்கும். மாரி மழை பிடித்து, மலைப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் இறங்கி, வாவி நிரம்பி வயல்களுக்குள் ஏறத் தொடங்கும்போது அந்த மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். பிந்தி வெட்டினால் படுவான்கரையில் வயல் அழியும். முந்தி வெட்டினாலோ, வாவிக்குள் வளருகிற இறால் குஞ்சாகவே கடலுக்குப் போய்விடும். எழுவான்கரையில் வலை போடுகிறவர்கள் வீட்டில் அந்த வருஷம் அடுப்பு எரிவது கஷ்டம். ஒருமுறை வெட்டினால் வெட்டினதுதான். கடல் தானாக மூடும்வரை அதை மூட எந்த மனுஷனாலும் முடியாது.

எப்போது வெட்டுவது என்று சொல்கிற உரிமை ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அவரை "ஆத்துவாய்க் காவல்" என்பார்கள். என் சின்ன வயதில், அதாவது இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன், அது என் அப்பா. அவருக்கு முன் அவருடைய தாய்மாமன், அந்த மாமனுக்கு முன் அவருடைய தாய்மாமன். எங்கள் பக்கத்தில் கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வேலையானாலும் இப்படிப்பட்ட காவலானாலும் தாய் வழியில், மாமனிடமிருந்து மருமகனுக்குத்தான் இறங்கும். சம்பளம் கிடையாது, அரசாங்கத்துக் கடுதாசி கிடையாது, ஆனால் ஊருக்குத் தலைமையான விதானையார்கூட இந்த ஒரு விஷயத்தில் அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா வலைக்காரக் குடும்பத்து ஆள். அம்மாவுக்குத் தாய் வழியில் படுவான்கரையில் கொஞ்சம் வயல் இருந்தது. ஆகவே இரண்டு கரைக்கும் பொதுவான ஆள் என்று ஊர் நினைத்தது. இரண்டு கரையும் சேர்ந்து கோபிக்கத் தோதான ஆள் என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்குப் பின்னாளில் விளங்கியது.

எந்தக் காலத்திலும் எந்தத் தேசத்திலும் இப்படிப்பட்ட காவல்காரர் இருந்திருக்கிறார்கள். அரசர்களின் பெயரைப் பாடமாக்கி வளர்ந்த நமக்கு இவர்களில் ஒருவரின் பெயரும் தெரியாது. கோட்டைக் கதவின் திறப்புக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவன், மழையில் குளக்கட்டின் மேல் நடந்து திரிந்தவன், கோவில் நகைப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவன், தாய் தகப்பனில்லாத பிள்ளையின் காணியை அது வளரும்வரை பார்த்துக் கொடுத்தவன். தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தன்னுடையதைவிடக் கவனமாகப் பார்ப்பதுதான் இவர்கள் எல்லாருடைய வேலையும். இப்படி எழுதிப் பார்க்கும்போது அது பெரிய மேன்மையாகத் தெரிகிறது. அப்படி ஒருவர் இருந்த வீட்டில் வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வீட்டில் சீவிப்பது அவ்வளவு சுகமான காரியமல்ல.

எங்கள் வீட்டில் இறால் பொரித்தால் அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பொரிப்பாள். வலைக்காரர் காவல்காரருக்குக் கொடுத்து மடக்கிவிட்டார்கள் என்று படுவான்கரை ஆட்கள் சொல்லிவிடுவார்களாம். படுவான்கரையிலிருந்து யாராவது ஒரு பூசணிக்காய் கொண்டுவந்தால் அப்பா அதை முற்றத்திலேயே இரண்டாக வெட்டி, பாதியைக் கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்து அனுப்புவார். மாரி காலத்தில் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரரும் வெறுங்கையோடுதான் வருவார்கள். பலகாரப் பெட்டியோடு வருகிற மாமிமார் உள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

வெட்டுவதற்கு ஒரு கணக்கு இருந்தது. வாவிக் கரையில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மூன்று கீறு போட்ட ஒரு கருங்கல் தூண் நின்றது. நடுக் கீறு தண்ணீரில் மூடினால் வெட்டலாம் என்பது பொதுவான சட்டம். ஆனால் கல்லை மட்டும் நம்பிக் காவல் இருந்ததில்லை. மலையில் பெருமழை பெய்தால் வாவித் தண்ணீர் உயருவதற்கு முன்பே நிறம் மாறும். பழைய மணம் போய்ப் புது மண்ணின் மணம் வரும். அதைச் "செந்தண்ணி" என்பார்கள். செந்தண்ணி வந்துவிட்டால் கீறு மூடும்வரை காத்திராமல் வெட்டிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவது பெருவெள்ளம். "கல்லைப் பார்த்துத்தான் வெட்டுறதெண்டால் ஒரு பள்ளிக்கூடத்துப் பொடியனக் கொண்டுவந்து நிப்பாட்டலாமே, நம்மட கையில ஏன் தந்திருக்கு?" என்று அப்பாவின் மாமன் கேட்பாராம். அப்பா இதை எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

எனக்கு மூத்தவள் தெய்வானை அக்கா. எனக்கும் அவளுக்கும் பதினொரு வயது இடைவெளி. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவளுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி அம்மாவின் படுவான்கரை வயல் அக்காவுக்குச் சீதனமாகப் போனது. அத்தான் நல்ல உழைப்பாளி, அதிகம் பேசாதவர். விதைப்பு முடிந்ததும் இருவரும் வயலுக்குப் போய், பன்றிக்கும் குருவிக்கும் காவலாக, வட்டை என்கிற வயல்வெளியின் ஓரத்தில் கட்டிய வாடிக் குடிசையில் அறுவடைவரை தங்குவார்கள். ஏறக்குறைய ஒன்றரை வயதில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது, பூரணி. அவள் என்னைச் "சித்தி" என்று சொல்லத் தெரியாமல் "த்தி" என்பாள். ஒன்பது வயதில் ஒருத்தி தன்னைச் சித்தி என்று அழைக்கக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் ஊரெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் அது அப்பாவுக்குச் செய்கிற அநியாயமாகிவிடும்.

எனக்கு எட்டு வயதான வருஷ மாரியில் அப்பா நடுக் கீறு மூட மூன்று விரல் இருக்கும்போதே ஆத்துவாயை வெட்டினார். தண்ணீர் சிவந்திருந்தது, மணமும் மாறியிருந்தது. வெட்டி இரண்டாம் நாள் மேற்கிலிருந்து வெள்ளம் இறங்கியது. வழி திறந்து கிடந்ததால் அது பேசாமல் கடலுக்குப் போனது. ஒரு வயலும் அழியவில்லை. ஒரு வயலும் அழியாததால், வெள்ளம் வந்ததையே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. இறால் குறைந்ததை மட்டும் எல்லாரும் கண்டார்கள்.

அந்த நாளில் ஒரு பின்நேரம் கருவாடு காயப்போடும் இடத்தில் நான் விளையாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களில் அப்பாவின் கூட்டாளி சின்னத்தம்பி மாமாவும் இருந்தார். ஊரில் பெரிய வலை அவருடையது, பெரிய வாயும் அவருடையதுதான். "அவருக்கென்ன, மகளுக்குக் குடுத்த வட்டை நனையப்படாதெண்டு வெட்டிப்போட்டார். நம்மட புள்ளயள் மண்ணத் திண்ணட்டும்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்ட மனுஷன் அல்ல, அதைக் குரோதமாகவும் சொல்லவில்லை. கை வலையில் இருக்க வாய் சும்மா இருக்க முடியாமல் சொன்ன கதை அது. நான் அதை அப்படியே பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அப்பா சோறு தின்றுகொண்டிருக்கும்போது, சின்னத்தம்பி மாமாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். ஒரு சொல்கூட நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அப்பா பீங்கானைத் தள்ளி வைத்தார். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அம்மா என் தலையில் நறுக்கென்று குட்டி, "காதில விழுறதெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வரப்படா புள்ள" என்றாள். எனக்கு வலித்தது. அப்பாவுக்கு எங்கே வலித்தது என்று பார்க்கிற வயது எனக்கு இருக்கவில்லை.

அடுத்த வருஷம் கார்த்திகை முழுவதும் மழை போக்குக் காட்டியது. மார்கழி பிறந்ததும் மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் காலை மழை கொஞ்சம் தணிந்திருந்த நேரத்தில் ஆதம்பாவாக் காக்கா தோணியில் வந்து எங்கள் கரையில் இறங்கினார். அவர் காத்தான்குடி முஸ்லிம் ஆள், அவர்களிடத்தில் காக்கா என்றால் அண்ணன். அக்காவின் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. நெல் காலத்தில் அக்காவுக்கு உப்புப் புளி முடிந்தால் அவருடைய வாடியிலிருந்துதான் போகும், அவருக்குத் தேங்காய் முடிந்தால் அக்காவின் வாடியிலிருந்து வரும். மனுஷன் தலையிலிருந்து கால்வரை நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ண, தண்ணி செவந்து போச்சு. வாடிக்குள்ள இன்னும் ஏறல்ல, பொழுது படுறதுக்குள்ள ஏறிரும். அல்லாவுக்காக இப்பவே வெட்டுங்க."

அப்பா கல் தூணை நோக்கி நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நானும் போனேன். அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குனிந்து, கீறுக்குக் கீழே விரல்களைப் படுக்கையாக வைத்துப் பார்த்தார்.

"நாலு விரல் கிடக்கு" என்றார்.

"போன முறை மூணு விரல் கிடக்கத்தானே வெட்டினீங்க?"

அப்பா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "கீறு மூடட்டும்" என்றார்.

"தண்ணிய மணந்து பாருங்களன் அண்ண. உங்களுக்குத் தெரியாததா?"

அன்று காலை அப்பா வாவிக் கரைக்குப் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இப்போது முழங்கால் அளவு தண்ணீருக்குள் நின்றுகொண்டும் அவர் கையால் அள்ளவில்லை. அளந்த விரல்களைச் சாரனில் துடைத்துக்கொண்டு கரையேறிவிட்டார். நான் குனிந்து ஒரு சிறங்கை அள்ளி மணந்து பார்த்தேன். உழுத வயலில் மழை விழுந்தது போல ஒரு மணம். பழைய மணத்தில் ஒரு துளியும் இல்லை. சொல்ல வாய் வந்தது. போன வருஷம் வாங்கிய குட்டும் நினைவுக்கு வந்தது. தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் பேசாமல் அப்பாவின் பின்னால் நடந்தேன்.

ஆதம்பாவாக் காக்கா தோணிக்குத் திரும்பினார். "அப்ப நான் போறன் அண்ண. தங்கச்சியையும் புள்ளையையும் நான் பாத்துக்கொள்றன்" என்று சொல்லிவிட்டுத் தோணியைத் தள்ளினார். அம்மா அவரிடம் ஒரு போத்தலில் மல்லித் தண்ணீரும், பூரணிக்கென்று ஒரு துண்டுப் பழைய சீலையும் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஆத்துவாயில் நாற்பது ஐம்பது ஆண்கள் மண்வெட்டிகளோடு கூடியிருந்தார்கள். கடல் பக்கமிருந்து ஒரு ஆள் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்து, வாவிக் கரையில் இரண்டு முழ மணலை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அந்தக் கடைசி மண்ணைக் காவல்காரர்தான் எடுக்க வேண்டும். அப்பா கல் தூணுக்கும் ஆத்துவாய்க்குமாக நடந்துகொண்டிருந்தார். வலைக்காரரில் ஒருவரும் அன்று வெட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். சின்னத்தம்பி மாமாவே மண்வெட்டியோடு நின்றார். அப்பா ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

மத்தியானம் அம்மா சோற்றுப் பொதியோடு போனாள். ஆத்துவாய் விஷயத்தில் அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அது ஆண்களின் காரியம் என்பதால் அல்ல, தன் வயல் அங்கே இருப்பதால். அன்று அவள் மழையில் நின்றுகொண்டு எல்லார் முன்னிலையிலும் சொன்னாள்: "இஞ்சேருங்க, அங்க கிடக்கிறது நம்மட புள்ள."

"அதாலதான் வெட்ட ஏலாது" என்றார் அப்பா.

நான் அவளின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பதிலைக் கேட்டு அங்கே நின்ற ஆண்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா சோற்றுப் பொதியை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்தச் சோற்றை ஒருவரும் தின்னவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரத்தில் நடுக் கீறு மூடியது. அப்பா தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்த முடியாமல் கையால் கும்பிட்டு, கடைசி மண்ணை எடுத்தார். தண்ணீர் முதலில் கணுக்கால் அளவில் ஓடியது, பிறகு கரை இடிந்து இடிந்து விழ அகலித்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. அவ்வளவும் நான் பார்த்தது. படுவான்கரையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தது போல எழுத எனக்கு மனமில்லை. அத்தானும் ஆதம்பாவாக் காக்காவும் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

அப்பா கடைசி மண்ணை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்பே வாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. காக்கா தன் தோணியைக் கொண்டுவந்து அத்தானையும் அக்காவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, வட்டைக்கு மேற்கே மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தை நோக்கித் தள்ளினார். வயலைச் சுற்றி அடைத்த வேலியின் கட்டைகள் தண்ணீருக்குள் மறைந்து கிடந்தன. தோணி ஒரு கட்டையில் ஏறிச் சரிந்தது. தண்ணீர் பெரியவர்களுக்கு நெஞ்சளவுதான். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். பூரணியை அடுத்த நாள் காலையில்தான் கண்டெடுத்தார்கள், அதே வேலியோரத்தில், சாய்ந்து கிடந்த நெற்பயிருக்குள். எடுத்தவர் காக்கா. தன் தலைத்துண்டில் சுற்றி அவரே தோணியில் கொண்டுவந்தார், அக்கா அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அன்று காலை வாவி நன்றாக இறங்கியிருந்தது. தோணியை எங்கள் கரைக்குக் கொண்டுவர அவர் சேற்றில் இழுக்க வேண்டியிருந்தது.

காலையிலேயே வெட்டியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நான் வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கிறேன். சிலர் ஓம் என்றார்கள், சிலர் அந்த வெள்ளம் எப்படியும் ஏறியிருக்கும் என்றார்கள். ஆதம்பாவாக் காக்கா மட்டும் சாகும்வரை ஒரே பதிலைத்தான் சொன்னார்: "ஒரு சாண் குறைஞ்சிருந்தா கட்டை எனக்குத் தெரிஞ்சிருக்கும் மகள்."

அப்பாவுக்கு அடுத்து நடந்ததுதான் கொடுமை. ஊர் அவரைத் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஊர் அவரைப் புகழ்ந்தது. சொந்த மகளென்றும் பாராமல் கீறு மூடும்வரை நின்ற மனுஷன் என்று இரண்டு கரையிலும் பேச்சு. செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அதைச் சொல்லித்தான் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். கடைசியில் சின்னத்தம்பி மாமா வந்தார். அவர் உண்மையாகவே அழுதார். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான் போன வருஷம் வாய் தவறிக் கதைச்சிட்டன், உன்னைப் போல ஒரு காவல்காரன் இனிப் பிறக்கப் போறதில்ல" என்றார். அப்பா கைகளை இழுத்துக்கொண்டார்.

"நான் ஆத்துவாயக் காக்கல்ல சின்னத்தம்பி. என்ட பேரைத்தான் காத்தன்" என்றார்.

சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. துக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தார்கள். துக்க நாட்கள் முடிந்ததும் அப்பா ஊர் ஆட்களைக் கூப்பிட்டுக் காவலைத் தன் மருமகனிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். ஊர் சம்மதிக்கவில்லை. இப்படி ஒரு சோதனையில் தேறிய ஆளை விட்டுவிட்டு இன்னொருவரைப் பிடிக்க அவர்களுக்கென்ன பைத்தியமா? மேலும் எட்டு வருஷம், சாகும்வரை, அப்பாதான் ஆத்துவாய்க் காவல்.

அந்த எட்டு வருஷமும் அவர் கல் தூணின் பக்கம் போகவில்லை. காலையும் மாலையும் தண்ணீரை அள்ளி மணந்து பார்த்தார். கொஞ்சம் நிறம் மாறினாலும் வெட்டினார். சில வருஷம் ஐந்து விரல் இருக்கவும் வெட்டினார், ஒரு வருஷம் ஒரு காரணமும் இல்லாமல் வெட்டினார். வலைக்காரர் நட்டப்பட்டார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பிள்ளையைக் கொடுத்த ஆளிடம் இறாலைப் பற்றி யார் பேசுவார்கள்? முன்பு பிழை என்று கண்டால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஊர் இப்போது அவர் வந்தால் எழுந்து வழிவிட்டது. அது மரியாதை என்று அப்போது நினைத்தேன். அப்பா தனித்துப்போய்விட்டார் என்பதுதான் அது.

அன்று நான் தண்ணீரை மணந்து பார்த்ததை அவரிடம் சொல்லவேயில்லை. சொல்லி என்ன? கையில் அள்ளாமலே அவருக்கு அது தெரிந்திருக்கும். அந்தக் கதையை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்காகவும் அவர் ஒருநாளும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன். வேறு யாருடைய மகளாவது அந்த வாடியில் இருந்திருந்தால், காக்கா தோணியிலிருந்து இறங்கி முதல் சொல் சொல்லும்போதே அவர் மண்வெட்டியை எடுத்திருப்பார். இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியுமா என்று மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. அவள் அப்பாவுக்குச் சோறு போட்டாள், கடைசிக் காலத்தில் கைப்பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள், பிறகு தனக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளையும் அவர் மடியில் வைத்தாள். அந்த நாளைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

இப்போது ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. கல் தூண் ஒரு சூறாவளியோடு போய்விட்டது. அப்பாவுக்குப் பின் அவருடைய மருமகன் சில வருஷம் காவல் இருந்தார். அவரோடு அந்த வழக்கம் முடிந்தது. ஆத்துவாய்க் காவல் என்று ஒரு ஆள் இருந்ததே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது பாலத்தடியில் நிறம் தீட்டிய அளவுகோல் ஒன்று நிற்கிறது, தண்ணீர் அதில் ஒரு கோட்டைத் தொட்டதும் அரசாங்கக் கந்தோரிலிருந்து உத்தரவு வரும், இயந்திரம் வந்து அரை நாளில் வெட்டிவிட்டுப் போகும். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வேலை சுத்தமாகத்தான் நடக்கிறது.

போன மாரியில் நல்ல மழை. ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர், ஆத்துவாயை எப்போது வெட்டுவார்கள் என்று கேட்கக் கந்தோருக்குப் போனார்கள். படிப்பித்து ஓய்வு பெற்ற வாத்தியாரம்மா நான் கதைத்தால் கேட்பார்கள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே இருந்தவர் இளம் பிள்ளை. எங்களுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணீர் எடுப்பித்து, கடுதாசிகளை விரித்து வைத்துப் பொறுமையாக விளக்கினார். தண்ணீர் கோட்டைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம், ஆனால் மேற்கே பெருமழை என்று செய்தி வந்திருப்பதால் நாளைக் காலையே வெட்டச் சொல்லிவிட்டாராம். மற்றவர்கள் நன்றி சொல்லி எழுந்தார்கள். நான் மட்டும் கேட்டேன்: "மகன், உங்கட ஆக்கள் ஆராவது படுவான்கரையில இருக்காங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "இல்லம்மா. எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது. நான் வந்து மூணு மாசம்தான்."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குசினியில் சுளகை மடியில் வைத்துப் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வெட்டுகிறார்கள் என்றேன், நல்ல பிள்ளை என்றேன், அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு சொந்தமும் இல்லையாம் என்றும் சொன்னேன். அக்கா சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப நேரத்துக்கு வெட்டுவான்" என்றாள்.